மூன்றாம் வரைபடம்

அகலம் பன்னிரண்டடி மூன்றங்குலம்.
உள்ளே போகப்போக அதுவும் இல்லை.
இடப்பக்கச் சுவரில் பாதி ஷாகுல் வீட்டுடையது.
வலப்பக்கத்தில் பாதி யாருடையது என்று
கோர்ட்டு இன்னும் சொல்லவில்லை.
ராயபுரத்தில் ரயில்பெட்டிபோல்
கோத்துக்கொண்டு நிற்கிற வரிசை.
கண்டெய்னர் லாரி திரும்பும்போது
முதல் வீட்டில் தட்டு அதிர்ந்தால்
கடைசி வீட்டில் குழந்தை எழுந்துகொள்ளும்.

போனிபாஸ் சார் போனைக் காட்டுகிறார்.
ஏதோ குளிர்தேசத்து வீட்டின் பின்புறம்.
முழுக்கக் கண்ணாடி, கறுப்புச் சட்டம்,
உள்ளே மரமேசை, அதன்மேல் ஒரே ஒரு எலுமிச்சை.
"இதே மாதிரி, கமலினி. இதே மாதிரி."
வெயிலுக்கு ஏங்குகிற ஊரில் வரைந்தது சார் இது.
உங்கள் பின்புறம் மேற்கு.
நாலு மணிக்குள் அந்த எலுமிச்சை
ஊறுகாயாகிவிடும்.
சிரித்தார். சிரித்து முடித்து,
"கொஞ்சமாவது கண்ணாடி?" என்றார்.

இப்போது அங்கே இருப்பது
ஆஸ்பெஸ்டாஸ் சரிவு, அதன்கீழ் சமையல்,
உப்புக் கரிக்கும் கிணற்றை மூடிய பலகை,
பலகைமேல் வாஷிங் மெஷின்.
கடைசியில் கழிப்பறை.
அதன் முதுகில் இரண்டடிக்கு இரண்டடி
ஓர் இரும்புக் கதவு, துருவோடு ஒட்டிப்போய்.
அதற்கப்பால் சந்து.

மேஸ்திரி துலுக்காணம் சுவரைத் தட்டிப் பார்த்தார்.
"பொக்கையா கீதும்மா.
பில்லர் வுட்டு பீம் போட்டாதான் நிக்கும்."

மூன்று மணிக்குக் கடல்காற்று வரும்.
டீசலும் மீனும் ஈரமும் சேர்த்துக்கொண்டு
முன்கதவில் நுழைந்து, கூடம் தாண்டி,
ட்ரீசா அம்மா மாட்டிய காலண்டரை
ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு
கழிப்பறைச் சுவரில் முட்டிச் செத்துப்போகும்.
அறுபத்தெட்டடி நடந்து வந்த காற்றுக்கு
வெளியேற வழியில்லை.
முதல் வரைபடத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.
இரண்டாவதில் ஜன்னல் வைத்தேன்.
உயரத்தில், சந்து கண்ணில் படாதபடி.
சார் கேட்டார். நானும் சரியென்றேன்.

பிறகு பத்திரத்தின் நகல் வந்தது.
கிழக்கே தெரு.
வடக்கே ஒருவர் மனை, தெற்கே ஒருவர் மனை.
மேற்கே, ஒரு சொல் போட்டு, சந்து.
தட்டச்சு செய்தவருக்கு அந்தச் சொல் ஓர் எல்லை.
எனக்கு அது அப்பா.

அப்பா அதிகம் சொன்னதில்லை.
ராயபுரம் தெரியுமா என்றால் தெரியும் என்பார்.
"முன்பக்கம் பாத்ததில்ல."
அவ்வளவுதான்.
காலேஜில் எனக்கு வாங்கித் தந்த டீ-ஸ்கொயர்
இன்னும் அவர் கட்டிலுக்கு மேலே
ஆணியில் தொங்குகிறது.

நேற்று துலுக்காணம் கடப்பாரையால் நெம்ப
இரும்புக் கதவு கையோடு வந்துவிட்டது.
குத்துக்காலிட்டுப் பார்த்தேன்.
அந்த உயரத்துக் கதவில்
வேறு எப்படியும் பார்க்க முடியாது.
வெளியே வெயில், ஒரு நொண்டிப் பூனை,
ஏ.சி. பெட்டிகள் சொட்டுகிற தண்ணீர்,
யாரோ உலர்த்தியிருந்த பள்ளிச் சீருடை.

மூன்றாவதில்
கழிப்பறை நடுவுக்கு வந்துவிட்டது, தலைக்குமேல் வானம் வைத்து.
கிணற்றுக்குப் பலகை இல்லை, கம்பிவலை.
கண்ணாடி மூன்றடி மட்டும், செங்கல் ஜாலியின் நிழலில்.
மீதி கதவு.
ஏழடி உயரம், நாலடி அகலம்,
வெளியே ஒரு படி, ஒரு காலிங்பெல்.

"பின்கதவுக்கு எதுக்கும்மா பெல்லு?"
காற்று போகணுமே சார், என்றேன்.
அது பதிலில்லை என்று அவருக்கும் தெரியும்.
ட்ரீசா அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
தாளைத் தன்பக்கம் இழுத்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
"இருக்கட்டும்" என்றார்.

ராத்திரி அப்பாவிடம் விரித்தேன்.
அவர் தாளைத் திருப்பிவைத்தார்,
மேற்கு தன் மடியருகே வரும்படி.
விரல் சந்தில் நுழைந்தது,
வீடுகளை எண்ணிக்கொண்டே போனது,
கதவண்டை நின்றது.

"இங்க மழைக்குத் தண்ணி நிக்கும்.
படிய அரை அடி ஏத்திக்க."

சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தேன்.